வாசலுக்கு வரும் ஆராய்ச்சி



சுங்கை வேயில் நான் குடியிருக்கும் அடுக்குமாடியில் பாதிப் பேர் தோட்டத்திலிருந்து வந்தவர்கள். அவர்களுடைய தாய் தந்தையர் கிள்ளான், காப்பார், பத்தாங் பெர்சுந்தை பக்கம் பால் வெட்டியவர்கள். எழுபதுகளில் இங்கே தடையற்ற வாணிப வட்டாரம் திறந்ததும் பெண் பிள்ளைகள் மின்னணுத் தொழிற்சாலைகளுக்கு வேலைக்கு வந்தார்கள். தோட்டங்கள் வீடமைப்பு நிலங்களாக மாறிய பிறகு பெற்றோரும் பின்னால் வந்து சேர்ந்தார்கள். லயத்தில் ஒரே வரிசையில் இருந்தவர்கள் இப்போது ஒருவர் தலைக்கு மேல் ஒருவராக இருக்கிறார்கள். மற்றபடி பழக்கவழக்கங்கள் பெரிதாக மாறிவிடவில்லை. யார் வீட்டுக்கு யார் வந்தார் என்பது அரை மணி நேரத்தில் எல்லா மாடிக்கும் தெரிந்துவிடும்.

ஒரு சனிக்கிழமை பிற்பகலில் பல்கலைக்கழக மாணவி ஒருத்தி கையில் கேள்வித்தாள் கட்டோடு எங்கள் மாடிப்படியில் ஏறி வந்தாள். நம் தமிழ்ப் பெண்தான். எச்.ஐ.வி. கிருமியைப் பற்றி நம் மக்களுக்கு என்ன தெரியும், அரசாங்க மருந்தகத்திற்குப் போவதற்கு என்ன தடை இருக்கிறது என்று வீடு வீடாகக் கேட்பது அவள் வேலை. மூன்றாம் மாடியில் ஓர் அக்கா இருக்கிறார். அவர் கம்பிக்கதவைத் திறக்கவே இல்லை. “எங்கள் வீட்டில் அப்படிப்பட்ட ஆள் யாரும் இல்லை, நீ போம்மா” என்று அனுப்பிவிட்டார். அடுத்த நான்கு வீடுகளிலும் அதே பதில். அந்தப் பிள்ளை படிக்கட்டில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்ததைப் பார்த்து, உள்ளே அழைத்துத் தேத்தண்ணீர் கலக்கிக் கொடுத்தேன்.

அவள் போன பின் அக்கா வந்தார். “நீ தாதியாக இருந்தவள், உனக்குத் தெரியாததா? இன்றைக்குக் கேள்வி கேட்பார்கள், நாளைக்கு ரத்தம் கேட்பார்கள், அடுத்த வாரம் பேப்பரில் ‘இந்தியர்களிடையே எய்ட்ஸ்’ என்று போடுவார்கள். நம் பெண்களுக்கு மாப்பிள்ளை கிடைக்குமா?” என்றார்.

படிக்காதவர் பேச்சு என்று அதை நான் தள்ளிவிடவில்லை. அந்தப் பயத்துக்கு வரலாற்றிலே நியாயம் இருக்கிறது. அதே வேளையில் அந்த மாணவியின் கேள்விகளும் கேட்கப்பட வேண்டியவையே. இந்த இரண்டையும் ஒன்றாக வைத்துப் பார்க்கவே இன்று உங்களோடு பேச வந்திருக்கிறேன்.

முதலில் நம் ஊர்க் கதை ஒன்று. நூறு ஆண்டுகளுக்கு முன் மலாயாவில் பெரிபெரி என்ற நோய் ஆயிரக்கணக்கானவர்களைக் கொன்றது. கால் மரத்துப்போகும், உடல் வீங்கும், நெஞ்சு அடைத்து உயிர் போகும். ஈயச் சுரங்கங்களிலே சீனத் தொழிலாளர்கள் கொத்துக் கொத்தாகச் செத்தார்கள். ஆனால் தோட்டத்துத் தமிழர்களை இந்த நோய் அவ்வளவாகத் தொடவில்லை. ஏன் தெரியுமா? நம்மவர்கள் சாப்பிட்டது புழுங்கலரிசி. நெல்லை அவித்து, காயவைத்து, பிறகு குத்திய அரிசி. மற்றவர்கள் சாப்பிட்டது தீட்டித் தீட்டி வெள்ளையாக்கிய சியாம் பச்சரிசி. நோய்க்குக் காரணம் அரிசிதான் என்று பிராடன் என்ற மருத்துவர் அப்போதே வாதாடிக்கொண்டிருந்தார். அந்த வாதம் உண்மையா என்று சோதித்துப் பார்க்க முனைந்தவர் வில்லியம் பிளெட்சர் என்ற இன்னொரு மருத்துவர். 1905ஆம் ஆண்டு டிசம்பரில் கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில் அவர் சோதனையைத் தொடங்கினார். நோயாளிகளைச் சாப்பாட்டுக் கொட்டகையில் வரிசையாக நிறுத்தி எண் போட்டார்கள். ஒற்றைப்படை எண் வந்தவர்கள் ஒரு விடுதிக்குப் போனார்கள். அவர்களுக்குப் பழையபடி பச்சரிசி. இரட்டைப்படை எண் வந்தவர்கள் எதிர் விடுதிக்குப் போனார்கள், அவர்களுக்குப் புழுங்கலரிசி. மற்றக் கறிவகைகள் இரு பக்கமும் ஒன்றுதான். நடுவிலே கட்டடத்தில்தான் கோளாறோ என்று பார்க்க, இரு கூட்டத்தாரையும் இடம் மாற்றியும் பார்த்தார்கள். நோய் கட்டடத்தோடு தங்கிவிடவில்லை, அரிசியோடு போயிற்று. ஓராண்டு முடிந்தபோது பச்சரிசிப் பக்கம் பெரிபெரியால் 18 பேர் இறந்திருந்தார்கள். புழுங்கலரிசிப் பக்கம் அந்த நோயால் ஒருவரும் இறக்கவில்லை.

உலக மருத்துவ நூல்கள் இன்றும் பாராட்டிப் பேசும் ஆராய்ச்சி இது. அதன் பின் 1900ஆம் ஆண்டில் கோலாலம்பூரில் தொடங்கப்பட்ட மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தைச் சேர்ந்த பிரேசர், ஸ்டாண்டன் என்ற இருவர் நெகிரி செம்பிலானில் ஜெலெபு பக்கம் சாலை போட்டுக்கொண்டிருந்த ஜாவானியத் தொழிலாளர்களைக் கொண்டு அதையே மீண்டும் உறுதிப்படுத்தினார்கள். இந்த வழியில் போய்த்தான் உணவிலே உயிர்ச்சத்து என்று ஒன்று உண்டு என்பதை உலகம் கண்டுகொண்டது. பலன் பெரிது. நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தச் சாப்பாட்டுக் கொட்டகையில் ஒற்றைப்படை எண் விழுந்தவனை நினைத்துப் பாருங்கள். அவனை யாராவது கேட்டார்களா? மனம் கலங்கியிருந்த அவன் யாரிடம் போய் ‘எனக்கும் அந்த அரிசியைக் கொடுங்கள்’ என்று சொல்வான்? அவன் பெயர் எந்த நூலிலும் இல்லை.

அந்தக் காலத்தில் எல்லாம் அப்படித்தான் என்று சிலர் சொல்வார்கள். அப்படியானால் அதற்கு வெகு நாள் கழித்து அமெரிக்காவில் நடந்ததைக் கேளுங்கள்.

அமெரிக்காவின் தென்பகுதியில் அலபாமா என்றொரு மாநிலம். அங்கே பருத்திக்காடுகளில் குத்தகைக்கும் கூலிக்கும் உழைத்தவர்கள் கறுப்பின மக்கள். ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கப்பலில் கொண்டுசெல்லப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள். நம் முன்னோரும் கப்பலில் வந்தவர்களே. ஆனால் அவர்கள் விலைக்கு விற்கப்பட்டவர்கள், அந்தத் துன்பத்தோடு நம் துன்பத்தைச் சமமாக்கிப் பேசுவது சரியல்ல. என்றாலும் பிறர் நிலத்தில், பிறர் கணக்குப்புத்தகத்தை நம்பி வாழ்ந்தவர்களின் வாழ்க்கை நமக்குப் புரியாததல்ல.

1932ஆம் ஆண்டில் அமெரிக்க அரசாங்கத்தின் பொதுச் சுகாதாரத் துறை அங்கே டஸ்கிகி என்ற ஊரை மையமாகக் கொண்டு ஓர் ஆய்வைத் தொடங்கியது. மேகப்புண் நோய், அதாவது சிபிலிஸ், கண்டவர்கள் 399 பேர். நோய் இல்லாதவர்கள் 201 பேர். அனைவரும் கறுப்பின ஆண்கள். அவர்களிடம் உண்மையான நோயின் பெயரைச் சொல்லவில்லை. ‘உங்களுக்குக் கெட்ட ரத்தம்’ என்று மட்டும் சொன்னார்கள். பரிசோதனை இலவசம், பரிசோதனை நாளில் சாப்பாடு இலவசம், செத்தால் அடக்கச் செலவு இலவசம். அடக்கச் செலவு ஏன் என்றால், இறந்த பிறகு உடலை அறுத்துப் பார்க்க வேண்டுமே! நாற்பதுகளின் கடைசியில் பென்சிலின் ஊசி இந்த நோயைக் குணப்படுத்தும் என்று உறுதியாகிவிட்டது. அந்த ஊசியை இவர்களுக்குப் போடவில்லை. மருந்து இல்லாமல் விட்டால் நோய் எப்படி முற்றுகிறது என்று பார்ப்பதுதானே ஆய்வின் நோக்கம்? மனைவிமாருக்கும் நோய் தொற்றியது. பிறக்கும்போதே நோயோடு பிறந்த குழந்தைகளும் உண்டு. 1972ஆம் ஆண்டில் பீட்டர் பக்ஸ்டன் என்ற முன்னாள் ஊழியர் செய்தியை வெளியே சொல்லி, பத்திரிகையில் வந்த பிறகுதான் நாற்பதாண்டு ஆய்வு நின்றது. அரசாங்கத் தலைவர் மன்னிப்புக் கேட்டது 1997ஆம் ஆண்டில். அதற்குள் பெரும்பாலோர் மண்ணுக்குள் போய்விட்டார்கள்.

ஒரு விஷயம் எனக்கு இன்னும் நெஞ்சில் குத்துகிறது. அந்த ஆட்களை வீடு வீடாகப் போய் அன்போடு அழைத்து வந்து, பல ஆண்டுகள் அவர்களுடைய நம்பிக்கையைப் பெற்றிருந்தவர் ஒரு கறுப்பினத் தாதி. சீருடை போட்டவர் நம் இனத்தவர் என்பதால் மட்டும் எல்லாம் நலமாக நடந்துவிடாது. நானும் சீருடை போட்டவள் என்பதால் இதைச் சொல்கிறேன்.

டஸ்கிகி ஆய்வு நின்று பத்து ஆண்டு ஆவதற்குள் எய்ட்ஸ் நோய் வந்தது. 1981ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவர்கள் அதை முதன்முதலில் பதிவு செய்தார்கள். 1983ஆம் ஆண்டில் யார் யாருக்கு இந்த நோய் வரும் என்று அரசாங்க நோய்த்தடுப்பு நிலையம் ஒரு பட்டியல் வெளியிட்டது. அதிலே ஹைத்தி நாட்டவர் என்று ஓர் இனத்தையே சேர்த்துவிட்டார்கள். ஹைத்தி என்பது கரீபியன் கடலில் உள்ள கறுப்பின மக்களின் நாடு. அங்கிருந்து பிழைக்க வந்தவர்கள் அமெரிக்க நகரங்களில் வேலை இழந்தார்கள், வாடகை வீடு இழந்தார்கள், பள்ளியில் பிள்ளைகள் அடிபட்டார்கள். பட்டியலிலிருந்து அந்தப் பெயரை 1985ஆம் ஆண்டில் எடுத்துவிட்டார்கள். ஆனால் 1990ஆம் ஆண்டில் ஹைத்தியர் எவருமே ரத்ததானம் செய்யக்கூடாது என்று மறுபடியும் ஓர் உத்தரவு வந்தது. அந்த ஆண்டு ஏப்ரல் 20ஆம் நாள் ஆயிரமாயிரம் ஹைத்தியர்கள் நியூயார்க்கில் புரூக்ளின் பாலத்தின் மேல் நடந்து போனார்கள். ஆண்டு முடிவதற்குள் உத்தரவு திரும்பப் பெறப்பட்டது.

மூன்றாம் மாடி அக்கா பயந்தது இதற்குத்தானே? ஹைத்தி எங்கே இருக்கிறது என்றே அவருக்குத் தெரியாது. ஆனால் தோட்டக்காட்டான் என்றால் சம்சுக் குடியன் என்று பேசியவர்களை அவருக்குத் தெரியும். பட்டியலில் பெயர் ஏறுவது எப்படிப்பட்டது என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இனி அடுத்த பக்கத்தைப் பார்ப்போம். ஆய்வே வேண்டாம் என்று கதவைச் சாத்திவிட்டால் என்ன நடக்கும்?

அமெரிக்க மக்கள்தொகையில் கறுப்பினத்தவர் நூற்றுக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று பேர்தாம். ஆனால் ஆண்டுதோறும் புதிதாக எச்.ஐ.வி. இருப்பதாகக் கண்டறியப்படுவோரில் நூற்றுக்கு நாற்பதையொட்டி அவர்களே. இதைக் கேட்டதும் ‘ஒழுக்கம் கெட்டவர்கள்’ என்று சொல்லிவிட்டுப் போவது எளிது. பலர் அப்படித்தான் சொன்னார்கள். ஆய்வாளர்கள், அவர்களிலே கறுப்பினத்தைச் சேர்ந்தவர்களும் இருந்தார்கள், அது உண்மையா என்று கணக்கெடுத்துப் பார்த்தார்கள். 2012ஆம் ஆண்டில் ‘லான்செட்’ மருத்துவ இதழில் வந்த ஒரு பெரிய தொகுப்பாய்வு, அமெரிக்கா, கனடா, பிரிட்டன் ஆகிய நாடுகளில் ஆணோடு உறவு கொள்ளும் ஆண்களைப் பற்றிய பல ஆய்வுகளைச் சேர்த்து ஆராய்ந்தது. அமெரிக்கக் கறுப்பின ஆண்கள் மற்றவர்களைவிட அதிகமாகத் தவறான பழக்கத்தில் ஈடுபடுகிறார்கள் என்பதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. வேறு ஒன்று கிடைத்தது. மருத்துவக் காப்புறுதி இல்லை, வேலை நிலையில்லை, நோய் இருப்பது தெரிந்தாலும் மருந்து ஒழுங்காகக் கிடைப்பதில்லை. மருந்து கிடைக்காதவர் உடலில் கிருமி பெருகியபடியே இருக்கும். அவரோடு பழகுகிற வட்டத்திலே அது பரவும். அதே பழக்கம் உள்ள இன்னொருவர், எல்லாருக்கும் மருந்து கிடைக்கிற வட்டத்தில் வாழ்ந்தால் தப்பித்துக்கொள்கிறார்.

அக்கா பயந்த ‘இந்தியர்களிடையே எய்ட்ஸ்’ என்ற தலைப்பெழுத்துக்கு இதைவிடச் சரியான பதில் உண்டா? அந்தப் பதிலைத் தேடிக் கொடுத்ததும் ஆராய்ச்சிதான்.

பிரிட்டனில் ஆப்பிரிக்க நாடுகளிலிருந்து வந்து குடியேறியவர்களிடையே நோய் முற்றிய பிறகே கண்டுபிடிக்கப்படுகிறது என்று ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டின. குடியுரிமைக் காகிதம் இல்லாதவர் எச்.ஐ.வி. மருந்துக்குப் பணம் கட்ட வேண்டும் என்ற விதி அங்கே இருந்தது. கட்ட முடியாதவர் மருத்துவமனைப் பக்கமே வரமாட்டார் அல்லவா? 2012ஆம் ஆண்டு அக்டோபரிலிருந்து இங்கிலாந்தில் அந்தக் கட்டணத்தை எடுத்துவிட்டார்கள். எவராயிருந்தாலும் மருந்து இலவசம்.

தோட்டத்திலே நாம் வாழ்ந்த காலத்தை நினைத்தால் இதெல்லாம் எனக்குப் புதிதாகவே தோன்றவில்லை. என் தாயாருக்கு இருமல் வந்தால் முதலில் பார்ப்பது டிரசரை. அவர் எழுதிக் கொடுத்தால்தான் கிள்ளான் பெரிய ஆஸ்பத்திரி. தோட்டத்து லாரி காலையில் போகும், மாலையில்தான் திரும்பும். பெரட்டுக்கு நிற்காத நாளுக்குச் சம்பளம் இல்லை. டிரசரிடம் சொன்னது மறுநாள் கிராணி வீட்டுக்குத் தெரியும், அதற்கு மறுநாள் கோயில் வாசலில் பேச்சாகும். நல்ல டிரசர்களும் இருந்தார்கள், பாம்பு கடித்தவனைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடியவரை நானே பார்த்திருக்கிறேன். ஆனால் எந்த ரகசியமும் தங்காத இடத்தில் வெட்கப்படும் நோய்க்கு யார் மருந்து கேட்பார்கள்?

அந்தக் கேள்வி என் வீட்டுக்குள்ளேயே வந்தது. என் தம்பி தோட்டத்தை விட்டு வந்து பழைய கிள்ளான் சாலைப் பக்கம் ஒரு புறம்போக்குக் குடியிருப்பில் கூட்டாளிகளோடு தங்கியிருந்தான். ஊசிப் பழக்கம் தொற்றிக்கொண்டது. ஒரே ஊசியை நாலு பேர் போட்டுக்கொள்வார்கள். 1986ஆம் ஆண்டில்தான் நம் நாட்டில் முதல் எய்ட்ஸ் நோயாளி கண்டறியப்பட்டார். அதன் பிறகு ஏறத்தாழ இருபது ஆண்டுகள், கிருமி தொற்றியவர்களில் பெரும்பகுதியினர் இப்படி ஊசி வழியாகத் தொற்றியவர்களே. என் தம்பியும் அவர்களில் ஒருவன். அது எனக்குத் தெரியவந்தது அவன் இறப்பதற்கு மூன்று வாரம் முன்பு.

அக்கா தாதி. அப்படியிருந்தும் அவன் என்னிடம் சொல்லவில்லை. நான் வேலை செய்யும் இடத்துக்கு வந்தால் என் முகம் கெட்டுவிடும் என்று நினைத்து, வேறோர் இடத்துக்குப் போயிருக்கிறான். பெயர் சொல்ல விரும்பவில்லை. அங்கே வரிசையில் நிற்கும்போது ஒருவர் அவனுடைய அட்டையைத் தூக்கிப் பிடித்து, எல்லாருக்கும் கேட்கும்படி நோயின் பெயரைச் சொல்லி ‘நீ தனியாக நில்’ என்றாராம். அன்று திரும்பி வந்தவன் அதன் பிறகு எந்த மருத்துவமனைக்கும் போகவில்லை. 1999ஆம் ஆண்டில் முப்பத்தொரு வயதில் போய்ச் சேர்ந்தான்.

அட்டையைத் தூக்கிப் பிடித்தவரை நான் வெகுநாள் திட்டிக்கொண்டிருந்தேன். பிறகு யோசித்துப் பார்த்தால், என் வார்டில் அப்படிப்பட்ட நோயாளி வந்தபோது சாப்பாட்டுத் தட்டைக் காலால் தள்ளிவிட்ட நாள் எனக்கும் உண்டு. கையுறைக்கு மேல் கையுறை போட்டுக்கொண்டு, அவர் கண்ணைப் பார்க்காமல் பேசியிருக்கிறேன். தட்டில் இந்தக் கிருமி ஒட்டாது. கைகுலுக்கினால் வராது, கொசு கடித்து வராது, ஒரே கழிவறையால் வராது. ரத்தம், உடலுறவு, பிரசவம், தாய்ப்பால் இவற்றின் வழியேதான் வரும். பாடப்புத்தகத்தில் இதைப் படித்துத் தேர்வும் எழுதியவள் நான். படிப்பு வேறு, பயம் வேறு.

தமிழ்நாட்டிலும் ஒரு கதை உண்டு. 1986ஆம் ஆண்டில் இந்தியாவில் எய்ட்ஸ் இல்லை என்றே எல்லாரும் நம்பியிருந்தார்கள். சென்னை மருத்துவக் கல்லூரியில் பேராசிரியையாக இருந்த டாக்டர் சுனிதி சாலமன், தம் மாணவி நிர்மலாவைத் தேடிப் பார்க்கச் சொன்னார். நிர்மலா தம் கணவரின் உதவியோடு, பாலியல் தொழிலில் கைதாகிக் காப்பகத்தில் அடைபட்டிருந்த பெண்களிடம் ரத்தம் எடுத்தார். கையுறைகூட இல்லை. மாதிரிகளை வேலூருக்குக் கொண்டுபோய்ச் சோதித்தார்கள். ஆறு மாதிரிகளில் கிருமி இருந்தது. இந்தியா விழித்துக்கொண்டது, ரத்த வங்கிகளில் சோதனை வந்தது, எத்தனையோ உயிர்கள் தப்பின. சுனிதி அம்மையார் 1993ஆம் ஆண்டில் நோயாளிகளுக்கென்றே சென்னையில் ஒரு நிலையம் தொடங்கி, 2015ஆம் ஆண்டில் மறையும் வரை அவர்களைத் தொட்டு, அணைத்து வைத்தியம் பார்த்தார். அவரைக் கையெடுத்துக் கும்பிடலாம். ஆனாலும் அந்தப் பெண்களிடம் எதற்காக ரத்தம் எடுக்கிறோம் என்று தாம் சொல்லவில்லை என நிர்மலாவே பின்னாளில் ஒரு பேட்டியில் ஒளிக்காமல் கூறியிருக்கிறார். நல்ல மனம் படைத்தவர்களின் ஆய்விலும் அந்தப் பெண்கள் கேள்வி கேட்கும் இடத்தில் இல்லை. எனக்கு இதில் இரண்டு மனம்தான். தேடாமல் இருந்திருந்தால் இன்னும் கேடு. கேட்காமல் எடுத்ததும் சரியில்லை.

சரி, இன்று நம் நாட்டு நிலை என்ன? மளமளவென்று சொல்லிவிடுகிறேன். 2002ஆம் ஆண்டில் புதிதாகப் பதிவானவர்கள் 6,978 பேர். அதுதான் உச்சம். 2022ஆம் ஆண்டில் அதில் பாதிக்கும் குறைவு. குறையக் காரணம் என்ன? 2005ஆம் ஆண்டில் போதைப் பழக்கமுள்ளவர்களுக்கு மெத்தடோன் மருந்து கொடுக்கத் தொடங்கினார்கள். மறு ஆண்டில் பழைய ஊசிக்குப் புது ஊசி மாற்றிக் கொடுக்கும் திட்டம் வந்தது. போதைக்காரனுக்கு அரசாங்கமே ஊசி கொடுப்பதா என்று அன்று பலர் கொதித்தார்கள். நானும் முகம் சுளித்தவள்தான். ஆனால் ஊசி வழித் தொற்று மளமளவென இறங்கிவிட்டது. இப்போது பெரும்பாலும் உடலுறவு வழியாகவே பரவுகிறது.

2006ஆம் ஆண்டு முதல் முதல்நிலை மருந்து குடிமக்களுக்கு அரசாங்க மருத்துவமனைகளில் இலவசம். அந்த மருந்தை நாள் தவறாமல் சாப்பிட்டால் ரத்தப் பரிசோதனையில் கிருமியே தெரியாத அளவுக்குக் குறைந்துவிடும். அந்த நிலையிலேயே இருப்பவரிடமிருந்து உடலுறவு வழியாக நோய் பரவாது. இது உறுதியாகிவிட்ட உண்மை. என் தம்பிக்கு ஏழாண்டு முந்திப் போய்விட்டது, அவ்வளவுதான்.

தாய்மார்கள் இதைக் கவனித்துக் கேளுங்கள். 1998ஆம் ஆண்டு முதல் அரசாங்கத் தாய்சேய் நலப் பிரிவுகளில் கருவுற்ற பெண்களுக்கு எச்.ஐ.வி. பரிசோதனை செய்கிறார்கள். மருந்தில்லாமல் விட்டால் நூறு குழந்தைகளில் பதினைந்து முதல் நாற்பத்தைந்து வரைக்கும் தாயிடமிருந்து கிருமி தொற்றக்கூடும். மருந்து கொடுத்தால் அது ஐந்துக்கும் கீழே போய்விடும். 2018ஆம் ஆண்டில் தாயிடமிருந்து சேய்க்குப் பரவுவதை ஒழித்த நாடு என்று உலகச் சுகாதார நிறுவனம் மலேசியாவுக்குச் சான்று வழங்கியது. மேற்கு பசிபிக் வட்டாரத்தில் அந்தப் பெயர் பெற்ற முதல் நாடு நாம்தாம். ஆகவே முதல் மாதங்களிலேயே மருந்தகத்தில் பதிந்துகொள்ளுங்கள். ‘இந்த ரத்தம் எதற்கு?’ என்று தாதியிடம் கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவல்ல.

நாம் விட்டுவந்த லயங்களில் இப்போது யார் இருக்கிறார்கள்? இந்தோனேசியரும் வங்காளதேசத்தவரும். வேலை அனுமதிக்காக அவர்களுக்கும் எச்.ஐ.வி. சோதனை உண்டு. கிருமி இருந்தால் மருந்து இல்லை. வேலை செய்யத் தகுதியில்லை என்று முத்திரைதான். ஊர் திரும்ப வேண்டியதுதான். இங்கிலாந்துக் கதையை நான் சொன்னது இதற்காகவும்தான். இதைப் பற்றிப் பேச நமக்கு என்ன வந்தது என்று கேட்பீர்கள். நம் பாட்டன்மார் இறங்கிய கரையில் அவர்களைச் சோதித்தவர்கள் அவர்களை எப்படிப் பார்த்தார்கள் என்பதை நினைத்துக்கொண்டால் போதும்.

மறுபடியும் அந்தக் கேள்வித்தாளுக்கு வருகிறேன். நூரெம்பர்க் நீதிமன்றம் 1947ஆம் ஆண்டிலும், உலக மருத்துவர் சங்கம் ஹெல்சிங்கி நகரில் 1964ஆம் ஆண்டிலும் வகுத்த நெறிகள் இருக்கின்றன. மனிதனை வைத்து ஆராய்வதென்றால் அவன் புரிந்துகொண்டு சம்மதிக்க வேண்டும் என்பதே அவற்றின் சாரம். நம் நாட்டிலும் ஆய்வு தொடங்கும் முன் நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் பெற வேண்டும். ஆகையால் வாசலுக்கு வருபவரிடம் அந்த ஒப்புதல் கடிதத்தைக் காட்டச் சொல்லலாம். நமக்குப் புரியும் மொழியில் விளக்கத் தாள் கேட்கலாம். என் பெயர் எழுதப்படுமா, தாளை எங்கே பூட்டி வைப்பீர்கள், நடுவில் வேண்டாம் என்றால் விடுவீர்களா, வேண்டாம் என்பதால் எனக்கோ என் பிள்ளைக்கோ மருந்தகத்தில் கிடைக்கிற வைத்தியம் குறையுமா என்று கேட்கலாம். ரத்தம் எடுப்பதானால் முடிவை எனக்கு, எனக்கு மட்டும், சொல்வீர்களா என்று கேட்க வேண்டும். கிருமி இருந்தால் மருந்துக்கு எங்கே அனுப்புவீர்கள் என்பதை முன்கூட்டியே கேட்க வேண்டும். டஸ்கிகியில் யாராவது ஒருவர் இந்தக் கடைசிக் கேள்வியைக் கேட்கத் துணிந்திருந்தால், அதற்கு அவர்களிடம் பதில் இருந்திருக்காது.

இதையெல்லாம் மூன்றாம் மாடி அக்காவிடம் ஒரு மாலை முழுதும் சொல்லிக்கொண்டிருந்தேன். புழுங்கலரிசிக் கதையில் மட்டும் அவருக்கு ஒரே மகிழ்ச்சி. “அதுதான் எங்கள் அம்மா பச்சரிசியைத் தொடமாட்டார்” என்றார். மற்றதற்கு ஒன்றும் சொல்லவில்லை.

இரண்டு வாரம் கழித்து அந்த மாணவி மீண்டும் வந்தாள். இம்முறை தமிழில் அச்சடித்த விளக்கத் தாள் கொண்டுவந்திருந்தாள். அக்கா கம்பிக்கதவைத் திறந்து, உள்ளே உட்காரவைத்து, மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, அவளைத்தான் முதலில் விசாரித்தார். பெயர் எழுதுவாயா? இல்லை, எண் மட்டும்தான். பேராசிரியர் யார், கையெழுத்து எங்கே? இதோ. வேண்டாம் என்றால்? உடனே நிறுத்திவிடலாம், அம்மா. நாலாவதாக அக்கா கேட்டார்: “நாங்கள் சொன்னதையெல்லாம் வைத்து என்ன கண்டுபிடித்தீர்கள் என்று திரும்பி வந்து எங்களுக்குச் சொல்வீர்களா?”

அந்தப் பிள்ளை தயங்கினாள். அதைத் தன் பேராசிரியரிடம் கேட்டுத்தான் சொல்ல வேண்டும் என்றாள்.

“கேட்டுக்கொண்டு வா, பாப்பா. தேத்தண்ணீர் கலக்கி வைக்கிறேன்” என்றார் அக்கா.